பீர்க்கங்கா இலையில வெள்ளையா மாவு பூத்திருக்கா? அடிக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

மார்கழி பனி இறங்க ஆரம்பிச்சதும் எங்க தெருவுல கொடிக்காய் போட்டிருக்கற எல்லாரும் ஒரே கேள்வியோட வருவாங்க, "அக்கா இலையெல்லாம் மாவு கொட்டுன மாதிரி வெள்ளையா இருக்குது, என்ன அடிக்கலாம்"னு. அவங்க கையில ஏற்கனவே ஸ்ப்ரேயர் இருக்கும், உள்ள ஏதோ ஒண்ணு கலந்தும் இருக்கும். நான் அப்ப கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாத்தீங்களா? பாதிப் பேரு பாத்திருக்க மாட்டாங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்க வீட்டுப் பின்னாடி பந்தல்ல பீர்க்கன், புடலை, பாகல், சுரை, வேலியோரமா பூசணின்னு வருஷம் பூரா ஏதாவது ஒண்ணு ஏறிட்டே இருக்கும், கடை மருந்து எதுவும் அடிக்கறதில்ல. இத்தனை வருஷத்துல எனக்குத் தெளிவா தெரிஞ்சது, இயற்கை முறையில காய் போகுதுன்னா பெரும்பாலும் மருந்து இல்லாததால போறதில்ல, எது வந்திருக்குன்னே பாக்காம கிடைச்சதைக் கரைச்சு அடிக்கறதாலதான் போகுது.

முதல்ல இந்த வெள்ளை விஷயத்துக்கு வரேன். கொடிக்காய்ல சாம்பல் நோய்னு ஒண்ணு இருக்கு, அடிச்சாம்பல் நோய்னு இன்னொண்ணு இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால எல்லாரும் ரெண்டையும் ஒண்ணாவே நினைச்சுக்கறாங்க, ஆனா ரெண்டும் வேற வேற ஜென்மம். சாம்பல் நோய் உண்மையான பூஞ்சை. முத்துன இலையில, அடியில நிழல்ல கெடக்கற இலையில, வட்ட வட்டமா வெள்ளைப் பொடியா ஆரம்பிக்கும், விரலால தேச்சா ஒட்டும், அப்புறம் வட்டமெல்லாம் சேர்ந்து இலை முழுக்க போர்த்திக்கும். அடிச்சாம்பல் பூஞ்சையே இல்லீங்க, அது பாசி வகைக்கு நெருங்கின சொந்தம். மேல்பக்கம் மஞ்சள் மஞ்சளா கட்டம் கட்டுன மாதிரி திட்டு இருக்கும், நரம்புக்கு நரம்பு நடுவுல அடைஞ்சு நிக்கறதால அந்தக் கோண வடிவம் வருது, காலையில ஈரம் காயறதுக்கு முன்னாடி இலையைத் திருப்புனா அந்தத் திட்டுக்கு நேர் கீழ சாம்பலும் ஊதாவும் கலந்த மாதிரி லேசா பூத்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல போய்ப் பாத்தா அது கண்ணுக்கே தெரியாது, வெறும் மஞ்சள் திட்டு மட்டும் இருக்கும், உடனே சத்துக் குறைபாடுன்னு நினைச்சு உரத்தைக் கொட்டுவாங்க.

இது ஏன் முக்கியம்னா ரெண்டும் வர்ற காரணமே எதிரெதிர். அடிச்சாம்பலுக்கு இலை மேல தண்ணி நிக்கணும், அதனாலதான் ஐப்பசி கார்த்திகை மழையில கொடியைக் கருக்கிட்டுப் போகுது. சாம்பல் நோய்க்கு அந்தத் தண்ணியே வேண்டாம், சொல்லப்போனா இலை மேல தண்ணி நின்னா அதோட வித்து ஒழுங்கா முளைக்கறதே இல்ல. பகல்ல வறண்ட காத்து, ராத்திரி குளுந்த காத்துல ஈரப்பதம், 20 டிகிரியிலிருந்து 27 டிகிரி வரைக்கும் இதமான சூடு, கொஞ்சம் நிழல், நெருக்கம், இதுதான் அதுக்குப் புடிச்ச சூழ்நிலை, அதாவது நம்ம மார்கழி தை மாசி. மழை நின்னுருச்சு இனி நோய் இல்லைன்னு நாம நிம்மதியாகற நேரத்துலதான் அது கிளம்புது.

அதனால சாம்பல் நோய்க்கு நான் முதல்ல எடுக்கறது கத்திரிக்கோல்தான். கீழ இருக்கற முத்துன இலைங்க, பந்தலுக்கு அடியில வெயிலே படாம தொங்கற இலைங்க, இதையெல்லாம் வெட்டிருவேன், ஒரே நாள்ல மொத்தமா மொட்டையடிக்காம ரெண்டு மூணு தவணையா. மாவு பூத்த இலையை வெட்டும்போது உதறாம மெதுவா ஒரு பையில போட்டுக்கணும், ஏன்னா அந்தப் பொடி முழுக்க வித்து, காத்துல பறந்து பக்கத்து இலைக்குப் போயிரும். அப்புறம் இடைவெளி. ஒரு சின்ன பந்தல்ல பீர்க்கன் நாலு, புடலை நாலு, பாகல் மூணுன்னு ஆசைக்கு ஏத்திவிட்டா காத்து எப்படிங்க போகும்? எங்க அம்மாயி ஒரு பந்தலுக்கு ரெண்டு கொடிக்கு மேல விடவே மாட்டாங்க, அந்த ரெண்டுலயே ஊருக்குக் குடுக்கற அளவுக்குக் காய்க்கும். பூசணியைத் தரையில படர விடறவங்க தண்ணியை வேர்ல விடுங்க, ஆனா பனிக்காலத்துல வாரத்துல ஒரு நாள் காலையில எட்டு மணிவாக்குல ஓஸ் பைப்பால இலையை மேலயும் கீழயும் நல்லா கழுவி விட்டீங்கன்னா அதுவே சாம்பல் நோயைப் பாதி அடக்கிரும், வெயில் ஏறி மதியத்துக்குள்ள இலை காஞ்சிரும். இதையே அடிச்சாம்பல் வந்த கொடிக்குப் பண்ணீங்கன்னா நோயை நீங்களே இலைக்கு இலை பரப்புன கணக்கு. அதான் எதுன்னு பாருங்கன்னு சொல்றேன்.

கரைசல்னு வந்தா பால். இது சும்மா பாட்டி வைத்தியம் இல்லீங்க, 1999ல பிரேசில்ல வாக்னர் பெட்டியோல்ங்கற ஆராய்ச்சியாளர் சுக்கினிங்கற பூசணி வகையில சாம்பல் நோய்க்கு பசும்பாலைத் தண்ணியில கலந்து அடிச்சுப் பாத்து, பத்துல ஒரு பங்கும் அதுக்கு மேலயும் பால் இருந்தா நல்லா கட்டுப்படுதுன்னு வெளியிட்டார். நம்ம ஊர்ல அதுக்கு முன்னாடியே புளிச்ச மோர் அடிக்கற பழக்கம் இருந்துச்சு. நான் பண்றது ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணி, கொழுப்பு எடுத்த பாலா இருந்தா நாத்தம் குறைவு, வாரம் ஒரு தடவை, நோய் தெரிஞ்சா ரெண்டு தடவை. மத்த கரைசல் எல்லாம் சாயங்காலம் அடிக்கச் சொல்வாங்க, இதை மட்டும் காலையில வெயில் ஏறும்போது அடிங்க, வெயில் படும்போதுதான் பால்ல இருக்கற புரதம் பூஞ்சை மேல வேலை செய்யுது. இலையோட அடிப்பக்கமும் நனையணும். நோய் வர்றதுக்கு முன்னாடியோ, முதல் வட்டம் தெரிஞ்ச அன்னைக்கோ ஆரம்பிச்சாதான் பலன், இலை முழுக்க வெள்ளையானப்புறம் பாலாபிஷேகமே பண்ணாலும் அந்த இலை திரும்பாது, வெட்ட வேண்டியதுதான்.

சமையல் சோடாவும் வேலை செய்யும், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், கூட ரெண்டு சொட்டு காதி சோப்புக் கரைசல். ஆனா எனக்கு அது அவ்வளவா இஷ்டமில்ல, வெயில்ல இலை ஓரம் கருகுது, அதுல இருக்கற சோடியம் தொட்டி மண்ணுல சேர்ந்துட்டே போகும், மொட்டை மாடியில பையில வளக்கறவங்களுக்கு அது நல்லதில்ல. அதைவிட சூடோமோனாஸ் நம்பகமானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து பிஎஃப் 1 ரகம் பொடியா வேளாண் அறிவியல் நிலையங்கள்ல, உயிர் உரக் கடைகள்ல கிடைக்குது, லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு வடிகட்டி சாயங்காலம் அடிக்கலாம், வேர்லயும் ஊத்தலாம். அது உயிருள்ள பாக்டீரியா, அதனால பாக்கெட்டுல தேதி பாருங்க, வெயில்ல கடைக்கு வெளிய அடுக்கி வச்சிருந்ததை வாங்காதீங்க, தாமிரம் கலந்த எதோடயும் சேத்து அடிக்காதீங்க. கந்தகத்தூள் அடிச்சா சாம்பல் நோய் போகும்னு சொல்றவங்க சொல்றது பொய்யில்ல, ஆனா கொடிக்காய் இலை கந்தகத்துக்கு ரொம்ப நொந்துபோற இலை, வெயில் 32 டிகிரி தாண்டுனா பொசுக்கிரும், அதோட வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிச்சா கொடியே போச்சு.

அடிச்சாம்பலைப் பத்தி நீட்டிச் சொல்ல ஒண்ணுமில்ல, ஏன்னா மழை தொடர்ந்து பேஞ்சா பாலோ சோடாவோ அதுக்குக் கேக்காது. வந்த இலையை உடனே எடுக்கறது, சாயங்காலம் இலை மேல தண்ணி விடாம இருக்கறது, கொடியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டறது, அவ்வளவுதான். போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேந்தது, இயற்கை விவசாயத்துல கட்டுப்பாட்டோட அனுமதிக்கறாங்க, ஆனா தாமிரம் மண்ணைவிட்டுப் போகாது, கொடிக்காய் இலையும் அதைத் தாங்கறது கஷ்டம், வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஆடிப்பட்டத்துல முன்னாடியே விதைச்சு மழை வலுக்கறதுக்குள்ள முக்கால்வாசி காயைப் பறிச்சுடறதுதான் இதுக்கு நல்ல வழி.

இப்ப பூச்சிக்கு வரேன். முளைச்சு ரெண்டு இலை விடும்போதே ஓட்டை ஓட்டையா கடிச்சிருந்தா அது சிவப்பு பூசணி வண்டு, ஆரஞ்சு கலந்த சிவப்புல பளபளன்னு இருக்கும். வெயில் ஏறிட்டா கை கிட்ட கொண்டு போறதுக்குள்ள பறந்துரும், விடிகாலை குளிர்ல மந்தமா உக்காந்திருக்கும்போது ஒரு டப்பாவுல சோப்புத் தண்ணி வச்சுக்கிட்டு தட்டி விட்டா போதும். அதோட புழு மண்ணுக்குள்ள வேரைத் தின்னும், அதனால தூரைச் சுத்தி மண்ணைக் கொத்திவிட்டுக் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு போடுங்க. செடி அஞ்சாறு இலை விட்டு ஓட ஆரம்பிச்சுட்டா இந்த வண்டு பெரிய விஷயமில்ல.

எல்லாரும் தப்பா அடிக்கறது பொறிவண்டை. பாகல் இலை சல்லடை மாதிரி சுரண்டி இருக்கும், பக்கத்துலயே புள்ளி வச்ச உருண்டை வண்டு ஒண்ணு இருக்கும், நல்ல பூச்சியா கெட்ட பூச்சியான்னு குழப்பம். சுரண்டித் தின்னறது எப்பிலாக்னா வண்டு, உடம்பு மங்கலா மேல பூனை முடி மாதிரி இருக்கும், புள்ளி நிறைய, பன்னெண்டோ இருபத்தெட்டோ, அதோட புழு மஞ்சளா உடம்பெல்லாம் கிளை கிளையா முள்ளு வச்சுக்கிட்டு இலை அடியில இருக்கும். பொறிவண்டு பளபளன்னு மெழுகு போட்ட மாதிரி இருக்கும், அதோட புழு கறுப்பா நீளமா சின்ன முதலை போல ஓடும், இலைச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சியான அசுவினி கூட்டத்துக்குள்ளதான் சுத்திட்டு இருக்கும். அந்தக் கறுப்புப் புழுவைப் பாத்ததும் பயந்து நசுக்கிடறாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசு தாங்காது. ஒரு புழு வளர்ந்து முடிக்கறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினியைத் தின்னுரும், நீங்க எந்தக் கரைசல் அடிச்சாலும் அந்த வேலை நடக்காது. அதே மாதிரி நூல் மாதிரி காம்பு நுனியில குட்டியா வெள்ளை முட்டை நின்னுட்டு இருந்தா அது கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்டை, தொடாதீங்க.

இயற்கை எதிரிங்க என்ன பண்ணும்னு சந்தேகம் இருக்கறவங்க நம்ம பப்பாளி மாவுப்பூச்சி கதையை ஞாபகப்படுத்திக்கோங்க. 2008ல கோயம்புத்தூர் பக்கம் முதல்ல தெரிஞ்சு, அப்புறம் ஈரோடு திருப்பூர்னு பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் விடாம வெள்ளையா அப்பிக்கிச்சு, எத்தனை மருந்து அடிச்சும் மெழுகுப் போர்வைக்குள்ள இருக்கற பூச்சி சாகல, நல்ல பூச்சிங்கதான் செத்துச்சு. 2010ல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்தாங்க, அதுல அசெரோஃபேகஸ் பப்பாயேங்கற ரகத்தை பெருக்கி ஊர் ஊரா விட்டாங்க, எறும்பைவிடச் சின்னது அது. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வச்சு உள்ளருந்தே தின்னு அந்தப் பெரிய கொள்ளையை அடக்குனது அந்தக் குட்டிக் குளவிதான். குளவி விட்ட இடத்துல மருந்து அடிக்காதீங்கன்னு அப்ப அதிகாரிங்க கெஞ்சுனாங்க. இன்னைக்கும் மாவுப்பூச்சி ஒண்ணு ரெண்டு தெரிஞ்சா நான் பழைய பல் பிரஷ்ஷால தேச்சுக் கழுவுவேன், எறும்பு ஏறாம பந்தக்கால்ல வேப்பெண்ணெயில நனைச்ச துணியைச் சுத்துவேன், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண மாட்டேன். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா அசுவினியும் மாவுப்பூச்சியும் விடற இனிப்புக்காக எறும்பு அதுங்களுக்குக் காவல் நிக்குது, பொறிவண்டைக் கிட்ட விடாது.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் காரமா இருக்கறதால இயற்கைதானேன்னு வாரா வாரம் அடிக்கறவங்களும் இதை யோசிக்கணும், அந்தக் காரம் நல்லது கெட்டது பாக்காது.

வேம்பு அடிக்கறதா இருந்தா வேப்பங்கொட்டைக் கரைசல்தான் என் தேர்வு. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடிச்சுத் துணியில கட்டி ராத்திரி முழுக்க ஊறப்போட்டு காலையில பிழிஞ்சு வடிகட்டணும், அன்னைக்கே அடிச்சு முடிக்கணும். கொட்டை ஆனி ஆடியில பொறுக்கி நிழல்ல காயவச்சதா இருக்கணும், எட்டு மாசத்துக்கு மேல பழசானா வீரியம் போயிருது. வேப்பெண்ணெயா இருந்தா லிட்டருக்கு 5 மில்லி போதும், முதல்ல சோப்புக் கரைசல்ல எண்ணெயை நல்லா அடிச்சு பால் மாதிரி ஆக்கிட்டு அப்புறம்தான் தண்ணி சேக்கணும், தண்ணி மேல எண்ணெய் மிதந்தா அந்த எண்ணெய் பட்ட இலை அடுத்த நாள் கருகும். வேம்போட சத்து வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சிரும், அதனால சாயங்காலம் அடிங்கன்னு சொல்றாங்க, சரிதான், ஆனா கொடிக்காய்ல ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. பூசணியும் பாகலும் விடிகாலையில பூக்கறது, மதியத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும், அதுக்கு சாயங்காலம் அடிச்சா தேனீக்குத் தொந்தரவில்ல. பீர்க்கன் பூ விரியறதே சாயங்காலம்தான், புடலை இருட்டுனப்புறம் விரிஞ்சு அந்துப்பூச்சிதான் மகரந்தம் கொண்டு போகுது. அந்த நேரத்துல பந்தல் மேல முழுக்க எண்ணெயைப் பீச்சுனா பூவும் நனையும் வர்ற பூச்சியும் திரும்பிரும், அப்புறம் பிஞ்சு மஞ்சளாகி உதிருதுன்னு கேப்பாங்க. பீர்க்கன் புடலைக்கு மொட்டு விரியற நேரத்துக்கு முன்னாடியே மூணரை நாலு மணிக்கு, பூ இருக்கற பக்கம் விட்டுட்டு இலை அடியில மட்டும் அடிங்க.

உண்மையில கொடிக்காய்ல நம்ம சோத்துக்குப் போட்டி போடறது பழ ஈதாங்க. பிஞ்சுல ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி, அதுல பிசின் கசிஞ்சிருக்கும், காய் ஒரு பக்கம் வளைஞ்சு அழுகும், அறுத்தா உள்ள வெள்ளைப் புழு துள்ளும். புழு உள்ள போனப்புறம் எந்தக் கரைசலும் அதைத் தொடாது. இங்க சுத்தம்தான் மருந்து. குத்துப்பட்ட காயை உடனே பறிச்சு, குப்பைமேட்டுல வீசாம, பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி வெயில்ல ஒரு வாரம் வச்சிருங்க, உள்ளயே வெந்து சாகும். வீசுனா புழு மண்ணுல இறங்கிக் கூட்டுப்புழுவாகி திரும்ப ஈயா உங்க பந்தலுக்கே வரும். பந்தலுக்கு அடியில மண்ணை அப்பப்போ லேசா கிளறிவிட்டா கூட்டுப்புழு மேல வந்து கோழியும் மைனாவும் பொறுக்கிரும், எங்க வீட்டுக் கோழிங்களுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்ச இடம். பொறி வைக்கறவங்க கவனிச்சு வாங்குங்க, மா, கொய்யாவுக்கு வைக்கற மெத்தில் யூஜினால் பொறிக்கு கொடிக்காய் ஈ வராது, இதுக்கு க்யூ லூர்னு கேட்டு வாங்கணும், கடையில பழ ஈ பொறின்னு கேட்டா மாமரத்துக்கு உள்ளதை எடுத்துக் குடுத்துடறாங்க. க்யூ லூர் ஆண் ஈயைத்தான் இழுக்கும், பெண் ஈக்கு கருவாட்டுத் துண்டை நனைச்சு ஓட்டை போட்ட பாட்டில்ல தொங்க விடலாம், நாத்தம் தாங்கணும். இதெல்லாம் வேண்டாம்னா பூ உதிர்ந்து விரல் நீளம் பிஞ்சு வந்ததும் நியூஸ்பேப்பர் உறையோ பழைய புடவைத் துணிப்பையோ மாட்டி விடுங்க. பத்துப் பதினஞ்சு காய்க்கு மாட்டறது ஒரு வேலையே இல்ல, அந்தக் காயெல்லாம் முழுசா உங்களுக்குத்தான்.

உரத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. இலை கரும்பச்சையா தளதளன்னு இருந்தா நமக்கு சந்தோஷம், அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் அதைவிட சந்தோஷம். கோழி எருவும் கடலைப்புண்ணாக்குக் கரைசலும் ஒண்ணு மேல ஒண்ணா ஊத்தினா இலை மட்டும் மெத்துனு வளரும், பூ குறையும், நோய் சீக்கிரம் புடிக்கும். மக்குன எரு அடியில, மாசம் ஒரு தடவை மண்புழு உரம், பூக்கற நேரத்துல லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, கொடிக்கு இவ்வளவு போதும். பஞ்சகவ்யாவை இந்த அளவுக்கு விவசாயிங்ககிட்ட கொண்டு சேத்தவர் நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன், அவர் சொன்ன அந்த 3 சதவீதத்துக்கு மேல போகாதீங்க, கெட்டியா அடிச்சா நல்லா வேலை செய்யும்னு நினைக்கறது தப்பு.

இப்ப மாசி பொறந்துருச்சு, நிறைய பேர் வீட்டுல தைப்பட்டத்துச் செடி கொடி ஓடற நேரம், அதே பந்தல்ல போன ஆடிக் கொடியும் நாலு காய் காய்ச்சுட்டு வெள்ளையா நிக்கும். பாவம்னு அதை விட்டு வைக்காதீங்க. சாம்பல் நோய் பூஞ்சை உயிருள்ள இலையிலதான் வாழும், அந்தக் கிழட்டுக் கொடிதான் இப்ப அதுக்கு வீடு, அங்கருந்துதான் புதுக்கொடிக்கு வித்து பறக்குது. விதைக்கு விட்ட காய் நெத்தாயிருந்தா அதை மட்டும் அறுத்து வச்சுக்கிட்டு, காலையில பனி ஈரம் இருக்கும்போதே, பொடி பறக்காது பாருங்க, அப்ப கொடியைத் தூரோட அறுத்து மெதுவா இறக்கி மக்குக் குழியில போட்டு மேல சாணிக்கரைசல் ஊத்தி மண்ணால மூடிருங்க. அன்னைக்கே புதுக்கொடியோட அடி இலையைத் திருப்பிப் பாத்துட்டு பாலை ஆரம்பிக்கலாம்.